உங்கள் லேபிளுக்கு நீங்களே பையர்: திருப்பூரில் சொந்தப் பெயரில் உடை விற்கத் தொடங்குவோருக்கு

பத்து, பதினைந்து ஆண்டுகள் பிறருடைய லேபிளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்த ஒருவர் சொந்தப் பெயரில் விற்க முடிவு செய்தவுடன், பெரும்பாலும் முதலில் லோகோ வரைந்து தருபவரைத் தேடிப் போகிறார். பிறகு பெட்டி அச்சடிக்கிறார், இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்குகிறார், ஆறு மாதம் கழித்துச் சரக்கு குடோனில் தேங்கியபின் நமக்கு மார்க்கெட்டிங் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பழையபடி பிறருக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க்குக்கே திரும்பிவிடுகிறார். இப்படித் திரும்பியவர்கள் சிலரை நான் நன்கு அறிவேன். அவர்களில் யாரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். கடல் கடந்து போகும் உடையை அரை சென்டிமீட்டர் பிசகாமல் அளந்து அனுப்பிய அதே கைகள், சொந்த லேபிள் என்று வந்தவுடன் அளவு நாடாவை ஓரமாக வைத்துவிட்டன என்பதே நான் கண்ட குறை.

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், வாங்குபவரின் ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஆண்களுக்கான வட்டக்கழுத்து டி-சர்ட் ஒன்றைச் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வெளிநாட்டு பையர் (சரக்கை வாங்குபவர்) நம்மிடம் என்னென்ன கேட்பார் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்த அளவுப் பட்டியல், கையெழுத்திட்டு முத்திரை வைத்த சாம்பிள், துவைப்புச் சோதனை, கப்பலேறும் முன் இறுதிச் சோதனை, குறித்த தேதி ஆகிய ஐந்தில் ஒன்று தவறினாலும் அவர் சரக்கை ஏற்கமாட்டார். சொந்தப் பெயரில் விற்கும்போது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் நீங்களே உட்கார வேண்டும். விளம்பரம், கடை, ஆட்கள் ஆகிய எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கா 50 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 27 அன்று நடைமுறைப்படுத்தியபோது, ஒரே நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்து திருப்பூருக்கு நன்றாகவே உறைத்தது. அந்த அச்சத்தில் பலர் சொந்த பிராண்ட் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அச்சத்தில் எடுக்கும் முடிவில் அவசரம் இருக்கும் என்பதால், கீழே சொல்லும் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: கொடுக்கும் வாக்கை எழுதுங்கள்

‘சிறந்த தரம், நியாயமான விலை’ என்பது வாக்கு ஆகாது. அதைப் பக்கத்துக் கம்பெனிக்காரரும் சொல்வார், காதர்பேட்டையில் கட்டுக் கட்டாக விற்பவரும் சொல்வார். அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை எழுத வேண்டும். நான் எழுதி வைத்தது இவ்வளவுதான்: ஐந்து முறை வீட்டில் துவைத்தபின்னும் நீளம் மூன்று சதவீதத்துக்கு மேல் சுருங்காது, பக்கத் தையல் முன்பக்கம் திரும்பாது, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) தொங்காது, சாயம் அடுத்த துணியில் ஏறாது.

இதை எழுதியவுடன் சோதிப்பதற்கு வழி கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் தயாராகும் தொகுதி) வெவ்வேறு பண்டலிலிருந்து மூன்று உருப்படிகளை எடுத்து, தோள் உச்சியிலிருந்து கீழ் ஹெம் வரை நீளத்தையும், அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே மார்பு அகலத்தையும் அளந்து நோட்டில் குறியுங்கள். நீளம் 70 சென்டிமீட்டர் என்றால், மூன்று சதவீதம் என்பது 2.1 சென்டிமீட்டர். அந்த மூன்றையும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து, ஆய்வகத்தில் இல்லாமல் உங்கள் வீட்டிலேயே, வாடிக்கையாளர் துவைப்பதைப் போலவே துவைத்துக் காயப் போடுங்கள். ஐந்து முறை துவைத்து முடிக்க ஒரு வாரம் ஆகும். திரும்ப அளக்கும்போது நீளம் 67.9-க்குக் கீழே போயிருந்தால், துணி பிறகு சுருங்காதபடி முன்கூட்டியே சுருக்கும் காம்பேக்டிங்கில் எங்கோ தவறு நடந்திருக்கிறது. கைக்குட்டை நிறம் மாறியிருந்தால் சாயத்தை வாஷ் செய்தது போதவில்லை. இரண்டும் தைத்து முடித்தபின் திருத்த முடியாதவை. ஆகவே இந்தச் சோதனையை முதலில் துணி நிலையிலேயே, சாம்பிளுக்குத் தைத்த மூன்று உருப்படிகளை வைத்து, மொத்தத் துணியும் கட்டிங் மேசைக்கு ஏறும் முன் முடித்துவிட வேண்டும். தைத்து வந்த லாட்டில் செய்வது அதை மறுபடி உறுதி செய்துகொள்வதற்கே.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எங்கள் இரண்டாவது லாட்டில், வழக்கமான இடத்தில் இடமில்லை என்று வேறொரு சாயப்பட்டறையில் கருநீலத் துணியைப் போட்டோம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஒரு வாரத் துவைப்பைத் தவிர்த்துவிட்டேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மையார் அழைத்து, ‘ஏனுங்க, போன தடவை வாங்குன மாதிரி இது இல்லீங்களே, பையன் யூனிபார்ம் சட்டையெல்லாம் நீலமாயிருச்சுங்க’ என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே அதிகம் இருந்தது. விற்ற கடைகள் அனைத்துக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லி மீதிச் சரக்கைத் திரும்ப எடுத்தோம். தவறு சாயப்பட்டறையில் தொடங்கியிருக்கலாம். ஆனால் சோதிக்காமல் அனுப்பியவன் நான். நான் மெர்ச்சண்டைசராக இருந்த நாளில் எந்த பையருக்கும் அந்தச் சரக்கை அனுப்பியிருக்கமாட்டேன்.

சோதனையில் தேறிய சாம்பிளைப் பையில் போட்டு, தேதியும் லாட் எண்ணும் எழுதி, கையெழுத்திட்டு அலமாரியில் வையுங்கள். அடுத்த லாட் அதோடு ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். பேக்கிங்குக்கு முன் ஏற்றுமதியில் பழகிய, சில உருப்படிகளை மட்டும் எடுத்துப் பார்த்து லாட்டை ஏற்பதா என்று முடிவு செய்யும் ஏ.க்யூ.எல். 2.5 முறையையே வைத்துக்கொள்ளலாம். 1,000 உருப்படிகள் கொண்ட லாட் என்றால் 80 உருப்படிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். பெருங்குறை உள்ளவை ஐந்து வரை இருந்தால் லாட் தேறும், ஆறு இருந்தால் முழு லாட்டையும் மறுபடி செக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். ஒதுக்கிய செகண்ட்ஸை (குறையுள்ள உருப்படிகளை) விற்காமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விற்கும் முன் உங்கள் லேபிளைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்குக்கு நாம் இதைத் தவறாமல் செய்கிறோம்.

இரண்டாம் படி: பெயரைப் பிடியுங்கள்

பெயர் தேர்ந்தெடுப்பதில் நம் பகுதியில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று குலதெய்வத்தின் பெயர், மற்றொன்று ஊரோடு பொருளைச் சேர்த்த பெயர். இரண்டுக்கும் மனதளவில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் சேர்த்தால் அது உங்களை மட்டும் குறிக்கும் பெயராக ஆகாது என்பதால், 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டப்படி அதைப் பதிவு செய்வது கடினம். தெய்வத்தின் பெயரை ஏற்கெனவே பலர் வைத்திருப்பார்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கிற, தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் எழுதிக்கொள்ள முடிகிற, மூன்று நான்கு அசையில் முடிகிற பெயரே என் பரிந்துரை.

பெட்டி அச்சடிக்கும் முன் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பொருள்களும் சேவைகளும் அங்கே 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆயத்த ஆடைக்கு வகுப்பு 25, படுக்கை விரிப்பு போன்ற வீட்டுத் துணிகளுக்கு வகுப்பு 24. ஒரே ஒலியுள்ள பெயர் வேறு எழுத்தில் இருந்தாலும் சிக்கல் வரும் என்பதால், எழுத்து மாற்றங்களையும் போட்டுத் தேடுங்கள். இணையவழி விண்ணப்பத்துக்கு, ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். கூட்டு நிறுவனமாக இருந்தால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றை முதலில் எடுத்துக்கொண்டால் குறைந்த கட்டணம் கிடைக்கும். உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டுப் பதிவகத்தின் இதழில் வெளியான பின் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாத அவகாசம் உண்டு. பதிவு கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். லோகோவை மட்டும் பதிவு செய்யாமல், வெறும் பெயரையும் தனியாகப் பதிவு செய்வது நல்லது. லோகோ மாறும், பெயர் மாறாது. முதல் விற்பனைப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் எப்போது அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் போன்ற புவிசார் குறியீடுகளோடு தொடர்புள்ள தொழிலில் இருப்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புவிசார் குறியீடு ஊருக்குப் பொதுவான சொத்து. அதைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம், பதிந்துகொள்ளவும் வேண்டும். ஆயினும் அது உங்கள் பிராண்ட் ஆகாது. ஜமக்காளம் என்று தேடி வருபவர் உங்களிடமே மறுபடி வருவதற்கு உங்களுக்கென்று ஒரு பெயர் வேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் பெரும்பாலான கம்பெனிகள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கூட்டு. சொத்தைப் பாகம் பிரிக்கும்போது நிலத்துக்கும் எந்திரத்துக்கும் கணக்கு இருக்கிறது, பெயருக்கு இருப்பதில்லை. பிரிந்தபின் இருவரும் அதே பெயரைச் சிறு மாற்றத்தோடு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் குழம்பி இருவரையும் விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். உறவு நன்றாக இருக்கும் நாளிலேயே, பெயர் யாருடையது, பிரிந்தால் யாருக்குப் போகும், மற்றவருக்கு என்ன ஈடு என்பதைக் கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். அதை எழுதச் சொல்வது நம்பிக்கையின்மை ஆகாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: வாக்கைக் காப்பாற்றும் விலை

ஜாப் ஒர்க்கில் இருந்து வருபவர்கள் அடக்க விலையோடு இருபது சதவீதம் கூட்டி விற்பனை விலை என்று வைத்துவிடுகிறார்கள். ஏற்றுமதியில் சரக்கை அனுப்பியதோடு வேலை முடிந்தது. இங்கே விற்பனைக்கான செலவு அதற்குப் பிறகே தொடங்குகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். வரி நீக்கிய சில்லறை விலை 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு 35 சதவீதம் கொடுத்தால் 168 போய் 312 மிஞ்சும். ஏஜென்ட் கமிஷனும் லாரி வாடகையுமாக 22 போனால் 290. நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பெட்டி எல்லாம் சேர்ந்து அடக்கம் 210 என்றால் மீதி 80. கடைக்காரர் மூன்று மாதக் கடனில் எடுத்தால், அடக்கத் தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஏறத்தாழ 6 ரூபாய் போகும். நூறு உருப்படி விற்கும்போது இன்னொரு பன்னிரண்டு விற்காமல் நின்று, அவற்றை 110 ரூபாய்க்குத் தள்ளிவிட நேர்ந்தால், ஒன்றுக்கு 100 வீதம் 1,200 ரூபாய் நட்டம். அது ஓர் உருப்படிக்கு 12 ரூபாய். மீதி 62. அலுவலகம், புகைப்படம், விளம்பரம் ஆகியவற்றுக்கு 30 ஒதுக்கினால் கையில் நிற்பது 32 ரூபாய். இந்த நிலையில் ஆடித் தள்ளுபடி என்று பத்து சதவீதத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால், 48 ரூபாய் கழிந்து ஓர் உருப்படிக்கு 16 ரூபாய் நட்டத்தில் விற்கிறீர்கள்.

அந்த நட்டத்தை ஈடுகட்ட ஒருவர் தொடும் முதல் இடம் துணி. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள (180 ஜி.எஸ்.எம்.) துணி 160 ஆகும், ரிப் மெலியும், முதல் படியில் எழுதிய வாக்கு அங்கேயே உடையும். வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாது, பெயர் மட்டும் நினைவிருக்கும். எனவே வாக்கைக் காப்பாற்ற முடியாத விலையில் விற்பதைவிட, குறைந்த கடைகளில் உரிய விலையில் விற்பதே நல்லது.

விற்காமல் நிற்கும் சரக்கைக் குறைக்கும் வழி வகைகளைக் குறைப்பது. ஒரு மாடல், மூன்று நிறம், நான்கு அளவு என்றால் பன்னிரண்டு அடுக்குகள். மாடல் ஐந்தானால் அறுபது அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். எஸ், எம், எல், எக்ஸ்.எல். அளவுகளை முதல் லாட்டில் 1:2:2:1 விகிதத்தில் போட்டுவிட்டு, எது முதலில் தீர்கிறது என்று மூன்று மாதம் குறித்துக்கொண்டு, அடுத்த லாட்டில் விகிதத்தை மாற்றுங்கள். எங்கள் கடைகளில் எக்ஸ்.எல். நான் நினைத்ததைவிட விரைவாகத் தீர்ந்தது.

நான்காம் படி: பத்துக் கடை, பிறகு மற்றவை

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், கோபி என்று ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களில் பத்துக் கடைகளைத் தேர்ந்தெடுத்து, நீங்களே நேரில் போங்கள். ஏஜென்டை அனுப்பினால் ஆர்டர் வரும், தகவல் வராது. கடைக்காரர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் ‘ஸ்கீம் என்னங்க?’, ‘விக்காட்டி திரும்ப எடுத்துக்குவீங்களா?’ என்பவைதான். தள்ளுபடிச் சலுகை பற்றிய முதல் கேள்விக்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு ஆம் என்றும் நான் சொன்னேன். திரும்ப எடுப்பேன் என்பவர் தன் சரக்கை நம்புகிறார் என்பதைக் கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார். முதல் ஆர்டரைக் கொண்டாடாதீர்கள், அது அறிமுகத்துக்காகக் கொடுத்தது. நீங்கள் அழைக்காமல் அவரே அழைத்துக் கேட்கும் இரண்டாவது ஆர்டர்தான் கணக்கு. பத்தில் ஆறு கடைகள் அப்படி அழைக்கும்வரை பதினோராவது கடைக்குப் போகாதீர்கள்.

கைப்பேசி வழியான விளம்பரத்தில் செலவில்லாதவற்றை முதலில் செய்யலாம். கூகுளில் தொழிலகத்தின் பக்கத்தைப் பதிவது இலவசம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலை ஏற்றலாம். அதன் ஒளிபரப்புப் பட்டியல் ஒவ்வொன்றிலும் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எனவே பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் எண்ணைச் சேமிக்கச் சொல்லி, குறை இருந்தால் அழைக்கவும் சொல்லுங்கள். அதையெல்லாம் நல்ல தமிழில் அச்சிடுங்கள். நம் பகுதியில் வாங்குபவர் படிக்கும் மொழியில் துவைக்கும் முறையைச் சொல்லாமல், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடுவதை நான் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

பண்டிகைக் கணக்கு தனி. தீபாவளிக்குக் கடைகள் ஆகஸ்ட், செப்டம்பரில் கொள்முதல் செய்கின்றன. நூலில் தொடங்கிப் பெட்டியில் முடிய நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்கள் ஆகும், துவைப்புச் சோதனைக்கு ஒரு வாரம் வேண்டும். அப்படியானால் ஜூன் மாதத்தில் நூல் வாங்கியிருக்க வேண்டும். தேதியைப் பின்னாலிருந்து எண்ணி நாட்காட்டியில் எழுதி, செக்கிங் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: பொறுப்பைக் கைமாற்றுவது

கம்பெனி வளரும்போது முதலில் குறுகிப்போவது முதலாளியின் நேரம். எல்லாவற்றையும் தானே பார்த்தால்தான் சரியாக வரும் என்று நினைப்பவர் நாற்பது எந்திரம் வரை சமாளிப்பார், அதற்குமேல் அவருடைய கண் எட்டாது. கண் எட்டாத இடத்தில் எழுத்து இருக்க வேண்டும். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பக்கம், தையலுக்கு ஒரு பக்கம், செக்கிங்குக்கு ஒரு பக்கம் என்று மூன்று பக்கங்களே போதும். ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தையல் மேசையில் இருந்தால், எழுத்தைவிடப் படமும் தேறிய சாம்பிளும் தெளிவாகப் பேசும். சரியான கழுத்துத் தையலையும் தவறானதையும் அருகருகே அட்டையில் தைத்து மாட்டுங்கள்.

பீஸ் ரேட் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்ப்பது நம் தொழிலில் ஊறிப்போன முரண்பாடு. நாங்கள் செய்த மாற்றம் சிறியது. லாட் மறு செக்கிங் இல்லாமல் தேறினால், அந்த வாரம் சனிக்கிழமைச் சம்பளத்தோடு அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் ஒரே தொகை கூடுதலாகப் போகும். வேகமாகத் தைப்பவர் பக்கத்தில் இருப்பவரின் தையலையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

ஜாப் ஒர்க் செய்து தருபவர்களின் பணத்தைத் தாமதிக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். சட்டத்தைத் தாண்டி ஒரு காரணமும் உண்டு. சீசன் நெருக்கடியில் நிட்டிங்காரரும் சாயப்பட்டறைக்காரரும் யாருடைய துணியை முதலில் போடுவார்கள் என்பது, போன மாதம் யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நான் வேறொரு சாயப்பட்டறைக்குப் போக நேர்ந்ததற்கும் அந்த ஆண்டு நான் பணத்தை இழுத்தடித்ததே காரணம்.

கடைசியாகக் கைமாற்ற வேண்டியது, லாட்டை நிறுத்தும் அதிகாரம். செக்கிங்கில் மூத்தவராக இருக்கும் அக்காவிடம் அதைக் கொடுத்தபோது, நிறுத்திய பிறகு எனக்குச் சொன்னால் போதும், கேட்டுவிட்டு நிறுத்த வேண்டாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். முதல் இரண்டு மாதங்கள் அவர் என்னைக் கேட்காமல் எதையும் நிறுத்தவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை நான் உடுமலையில் ஒரு கடையில் இருந்தபோது அழைத்தார். சாம்பல் நிற லாட்டில் 80 எடுத்துப் பார்த்ததில் ஏழில் தோள் தையல் விட்டிருப்பதாகவும், பேக்கிங்கை நிறுத்தி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். எனக்கு எதிரே இருந்த கடைக்காரரிடம், சாம்பல் நிறம் மட்டும் நான்கு நாள் தாமதமாகும் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் பில் புத்தகத்தில் தேதியை அடித்துத் திருத்தி எழுதினார்.